மேட்டில் மட்டும் ஹீட் ஆகும் லாரி: முள் ஏறும் விதத்தை வைத்துக் குறையைப் பிடிப்பது

சென்னையில் ஓடும் வண்டிக்கு ஊர் தட்டையாக இருப்பது வசதி. குறை மறைந்திருக்கவும் அதே வசதி. எண்ணூரில் கன்டெய்னர் ஏற்றி ஸ்ரீபெரும்புதூரில் இறக்கிவிட்டு மாதவரம் திரும்பும் ட்ரெய்லரில், ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் டேஷ்போர்டில் ஹீட் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். அதே வண்டி பெங்களூர் லோடு எடுத்துச் சித்தூர் தாண்டி மொகிலி கணவாய் ஏறும்போதோ, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம் ஏறும்போதோ முதல் சில கிலோமீட்டரில் முள் சிவப்பைத் தொடும். திரும்பி வந்து பட்டறையில் நிறுத்தினால் எல்லாம் சரியாக இருக்கும். லோடும் மேடும் இல்லாத இடத்தில் அந்தக் குறையை யாராலும் வரவழைக்க முடியாது.

அதனால் மெக்கானிக்கிடம் "ஹீட் ஆவுது" என்று மட்டும் சொன்னால் அவர் தெர்மோஸ்டாட்டில் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) ஆரம்பித்து சிலிண்டர் ஹெட் வரை வரிசையாகக் கழற்றத்தான் செய்வார். எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், மேட்டில் ஏறி எவ்வளவு நேரத்தில் முள் கிளம்பியது, சமதளம் வந்ததும் இறங்கியதா, ஃபேன் சத்தம் மாறியதா, புகை என்ன நிறம், மறுநாள் காலையில் எவ்வளவு தண்ணீர் குறைந்திருந்தது என்ற விவரங்களோடு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டிரைவர் ஓட்டும்போது கிளீனர் டேஷ்போர்டை போனில் இரண்டு படம் எடுத்து வைத்தாலே போதும்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், கை கடிக்கும் காரணம் கடைசியில் வருகிறது. அந்த வரிசையிலேயே பாருங்கள்.

முள் ஏறிக்கொண்டிருக்கிறது, வண்டி இன்னும் மேட்டில்தான்

ஏசியை அணையுங்கள். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள். வேர்க்கும், ஆனால் இன்ஜினில் இருந்து கொஞ்சம் சூடு வெளியேறும். ஒரு கியர் குறைத்து, ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தி ஏறுங்கள். அப்படியும் ஏறினால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். நியூட்ரலில் 1,000 முதல் 1,200 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓடட்டும். பம்ப்பும் ஃபேனும் சுற்றினால்தான் ஹெட்டில் தேங்கிய சூடு வெளியே வரும். டர்போவுக்கும் அதுதான் நல்லது. ஆனால் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ, ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டினாலோ, ஓடவிட்டும் முள் ஏறிக்கொண்டே போனாலோ உடனே ஆஃப் செய்யுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களின் முன்கையைப் பாருங்கள், தழும்பு இருக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்க்கும் அளவுக்குச் சூடும் அழுத்தமும் இறங்கிய பிறகுதான் மூடி. தண்ணீர் ஊற்றுவதும் அதன் பிறகே. இன்ஜின் ஐடிலில் ஓட, கொஞ்சம் கொஞ்சமாக. கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால் ஹெட் வெடிப்பு விடும்.

அறிகுறி 1: மேட்டில் ஏறுகிறது, சமதளம் வந்ததும் சில நிமிடத்தில் இறங்கிவிடுகிறது

அதிகமாக வரும் கேஸ் இதுதான். இதற்கு ஹெட்டைத் தொடவே வேண்டாம். தண்ணீர் சுற்றுகிறது, காற்றுதான் போதவில்லை.

*கியர்.* டாப்பில் 1,100 ஆர்பிஎம்மில் முக்கிக்கொண்டு ஏறினால் டீசல் மேக்சிமம் எரியும். ஆனால் பம்ப்பும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். மைலேஜுக்காகப் பழகிய கால், மேட்டில் வேலைக்கு ஆகாது. டேக்கோமீட்டரின் பச்சைப் பட்டையின் மேல் பாதியில் முள் நிற்கிற மாதிரி கியரைக் குறையுங்கள். ஒரே மேட்டை இரண்டு டிரைவர் ஏறி, ஒருவருக்கு மட்டும் ஹீட் ஆகிறதென்றால் வண்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

*லோடு.* அச்சு எடை வரம்பு 2018ல் உயர்ந்தது. அதற்கு முன் செய்த வண்டியின் ரேடியேட்டர் உயரவில்லை. எடைச்சீட்டைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

*ரேடியேட்டரின் வெளிமுகம்.* கிரில்லைத் திறந்து பார்த்து "சுத்தமா இருக்கு" என்று மூடிவிடுவார்கள். முன்னால் தெரிவது ரேடியேட்டர் இல்லை. முதலில் ஏசி கண்டன்சர், அதன் பின் டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர், அதற்கும் பின்னால்தான் ரேடியேட்டர். கேபின் ஏசி 2025ல் புது லாரிகளுக்குக் கட்டாயமானதிலிருந்து இந்த அடுக்கு புது வண்டிகளில் தடித்துவிட்டது. தூசி சேர்வது இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். அங்கே டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணூர், மணலி பக்கம் நிலக்கரியும் சாம்பலும் ஏற்றும் வண்டிகளில் அந்த இடைவெளியில் கம்பளி மாதிரி ஒரு படலம் இருக்கும். இன்ஜின் பிரீதரிலிருந்து வரும் ஆயில் ஆவி அதோடு சேர்ந்தால் வெறும் காற்று அடித்துப் போகாது. சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவ வேண்டும். கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி அடியுங்கள், அதாவது காற்று வரும் திசைக்கு எதிராக. வாட்டர் சர்வீஸ் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கி, தூசி அடைத்த இடம் நிரந்தரமாக அடைத்துப்போகும். நல்ல முறையில் செய்வதென்றால் போல்ட்டுகளைத் தளர்த்தி அடுக்கைப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். அரை நாள் வேலைதான்.

கழுவியது போதுமா என்று பார்க்க: இன்ஜின் ஓடும்போது கிரில் முன்னால் ஒரு முழு செய்தித்தாளைப் பிடியுங்கள். ஃபேன் பிடித்திருக்கும் நேரத்தில் தாள் எல்லா இடத்திலும் ஒட்டி நிற்க வேண்டும். ஓர் ஓரம் மட்டும் தொங்கினால் அந்தப் பகுதி இன்னும் அடைப்பு.

*ஃபேன் ஷ்ரவுட்.* ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூண்டு. ஏதோ ஒரு வேலைக்குக் கழற்றி, திரும்ப மாட்ட நேரமில்லாமல் விட்ட வண்டிகள் நிறைய. உடைந்திருந்தாலும் இல்லாமல் இருந்தாலும் ஃபேன் பின்னால் இருக்கும் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும்.

*விஸ்கஸ் ஃபேன்.* கழுவியும் சரியாகவில்லை என்றால் சந்தேகம் இங்கேதான். மேட்டில் சூடு ஏறும்போது ஃபேன் கிளட்ச் பிடித்து, கேபினுக்குள் கேட்கிற மாதிரி ஒரு உறுமல் வர வேண்டும். "முன்னாடி சத்தம் வரும்ணே, இப்பல்லாம் வண்டி அமைதியா போவுது" என்று டிரைவர் சொன்னால் அது நல்ல செய்தி இல்லை. இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகு ஃபேனைக் கையால் சுண்டுங்கள். இன்ஜின் நன்கு சூடாக இருக்கும்போது விறைப்பாக, கஷ்டப்பட்டுத்தான் திரும்ப வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. ஹப்பின் நடுவிலிருந்து ஆயில் வரி வரியாகத் தெறித்திருந்தால் உள்ளிருக்கும் சிலிக்கான் ஆயில் கசிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மாற்றுவது ஒன்றுதான் வழி. முன்பக்கம் இருக்கும் பைமெட்டல் பட்டையில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் அதைத் தட்டித் துடைத்துவிட்டு ஒரு ட்ரிப் பாருங்கள், சில சமயம் அதோடு முடியும். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த புது வண்டிகளில் மின் கட்டுப்பாட்டு கிளட்ச் இருந்தால் முதலில் கனெக்டர்; துறைமுக உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும்.

திம்பம் மாதிரி இடத்தில் இதன் அருமை தெரியும். அங்கே 27 கொண்டை ஊசி வளைவு. வண்டி நடக்கிற வேகம்தான் போகும், எதிர்காற்று என்பதே கிடையாது. ஃபேன் ஒன்றுதான் துணை.

அறிகுறி 2: மேட்டில் ஏறிய முள், சமதளத்திலும் இறங்கவில்லை

இப்போது சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேல்.

முதலில் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். கூலன்ட் டேங்க்கில் இருக்கிறது என்பதற்காக ரேடியேட்டரிலும் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். அடுத்து பெல்ட்: பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னினால் வழுக்குகிறது. சாதாரண வி-பெல்ட்டாக இருந்தால் நடுவில் கட்டைவிரலால் அழுத்த ஒரு சென்டிமீட்டர் வாக்கில் அமுங்கினால் சரி. பட்டை பெல்ட்டுக்கு டென்ஷனரைப் பார்க்க வேண்டும்.

*கீழ் ஹோஸ்.* யாரும் பார்க்காத இடம். ஒருவர் ஆர்பிஎம் ஏற்ற, இன்னொருவர் கீழ் ஹோஸைப் பாருங்கள். உறிஞ்சிய ஸ்ட்ரா போலச் சப்பையானால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருக்கிறது, அல்லது ரப்பர் தளர்ந்துவிட்டது. ஐடிலில் உருண்டையாகத்தான் தெரியும். மேட்டின் ஆர்பிஎம்மில்தான் வாய் மூடும்.

*தெர்மோஸ்டாட்.* முள் சூட்டைக் காட்ட, மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்தால் அது திறக்கவில்லை. கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு கொதிக்க வையுங்கள். எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்பது அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் எண்பதுகளில். அந்த இடத்தில் திறக்க ஆரம்பித்து, இன்னும் 12 முதல் 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். பாதியில் நின்றால் தூக்கிப் போடுங்கள். சமதளத்துக்கு அந்தப் பாதி போதும், மேட்டுக்குப் போதாது.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டு ஓட்டுங்கண்ணே, ஹீட்டே ஆவாது" என்ற யோசனை நெடுஞ்சாலை ஓரம் எல்லா டீக்கடையிலும் இலவசமாகக் கிடைக்கும். பெரிய டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது: சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், கூடவே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குள் திரும்பும். ஊருக்குள் குளிர்ச்சியாக ஓடும் வண்டி, முழு லோடில் மேட்டுக்கு வந்ததும் முன்னைவிட மோசமாகக் கொதிக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள், உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றே ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

*ரேடியேட்டர் உள் அடைப்பு.* சென்னையில் இதற்குக் காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். குளிக்கும்போது சோப்பு நுரைக்காத தண்ணீரை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் டியூப்களுக்குள் வெள்ளைப் படிவம் கட்டிவிடும். சூடான இன்ஜினை அணைத்துவிட்டு, பட்டறைகளில் இப்போது சாதாரணமாகக் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தில் இடம் இடமாக அளந்து பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்த டியூப்களில் தண்ணீர் ஓடவில்லை. பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் டேங்க்கைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்வார்கள். அலுமினியம் கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் உள்ளதற்கு அந்த வைத்தியம் பலிப்பது அரிது, மாற்றுவதே மேல்.

வழியில் அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். ஊர் வந்ததும் வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கேன் தண்ணீராவது போர் தண்ணீரைவிடத் தேவலை. பச்சையும் சிவப்பும் கையில் கிடைத்ததைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும். வெறும் தண்ணீரிலேயே ஓட்டினால் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் குண்டூசி குத்தியது போல அரித்து, கடைசியில் தண்ணீர் ஆயிலில் இறங்கும்.

*வாட்டர் பம்ப்.* கீழே இருக்கும் சிறு துளையில் ஈரமோ காய்ந்த கறையோ இருந்தால் சீல் போய்விட்டது. கசிவே இல்லாமல் உள்ளே இம்பெல்லர் தேய்ந்திருப்பதும் உண்டு. அதைக் கழற்றித்தான் பார்க்க முடியும். மேலே சொன்னதெல்லாம் முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

அறிகுறி 3: தண்ணீர் குறைகிறது, ஒழுகல் கண்ணில் படவில்லை

*மூடி.* சில நூறு ரூபாய்ப் பொருள், கடைசியில்தான் எல்லோரும் மாற்றுகிறார்கள். 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் சென்னையில் 100லேயே கொதிக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதே அந்தச் சூட்டில்தான். மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக இருந்த வண்டி குன்னூர் தாண்டி டேங்க் வழியாகக் கக்குவதற்கு முதலில் மூடியைப் பாருங்கள். மாற்றும்போது பழைய மூடியில் இருக்கும் எண்ணும் புதியதில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

*குமிழி வருகிறதா?* தண்ணீர் நிரப்பி, இன்ஜின் குளிர்ந்த நிலையில் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் "ஹெட் கேஸ்கெட்" (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். லாரியில் பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்ப்ரசருக்கும் இதே தண்ணீர்தான் ஓடுகிறது. அதன் ஹெட் கேஸ்கெட் விட்டாலும் காற்று கூலன்ட்டுக்குள் வரும், டேங்க் கக்கும், எல்லாம் அதே அறிகுறி.

பிரித்தறிய எளிய வழி: பிரேக்கை நாலைந்து முறை மிதித்து ஏரை இறக்குங்கள். கம்ப்ரசர் ஏர் ஏற்றும் நேரத்தில் குமிழி வந்து, முழு பிரஷர் வந்து 'புஸ்' என்று கட் ஆனதும் குமிழி நின்றால் குற்றவாளி கம்ப்ரசர். ஏர் டேங்க் வடிகாலைத் திறக்கும்போது கூலன்ட் நிறத்தில் தண்ணீர் வந்தால் இன்னும் உறுதி. கட் ஆன பிறகும் குமிழி அதேபோல வந்தால்தான் ஹெட் பக்கம் போக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட் இறக்கச் சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

*ஈஜிஆர் கூலர்.* இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைத் தண்ணீரால் குளிர வைக்கும் பாகம். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளில் சேர்த்துப் பாருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் சைலன்சரில் வெள்ளை ஆவி, இனிப்பு வாடை, ஆனால் ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் ஹெட்டுக்கு முன் இதன் மேல் சந்தேகம் வர வேண்டும்.

*ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், ஹெட் வெடிப்பு.* டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம், அல்லது கூலன்ட் டேங்க்கில் ஆயில் மிதப்பு. ஆயில் தண்ணீரில் மட்டும் வந்து, தண்ணீர் ஆயிலில் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆயில் கூலர். ஓடும்போது ஆயில் பிரஷர்தான் அதிகம் என்பதால். மற்றவை பட்டறை வேலை.

அறிகுறி 4: ஹீட்டோடு சேர்ந்து இழுவையும் குறைகிறது, கரும்புகை

இது கூலிங் குறை இல்லாமலே வரும் ஹீட். ஏர் ஃபில்டர் முதலில். அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களில் ஆயில் கறையும் கிழிசலும். மேட்டில் 'உஸ்ஸ்' என்ற சத்தம் வரும். எக்ஸாஸ்ட் பிரேக்கில் புகைக் குழாயை மூடும் பட்டர்ஃபிளை தட்டு பாதி மூடியே நின்றுவிட்டால் வண்டி தன் புகையைத் தானே விழுங்கிக்கொண்டு ஏறும். லீவரைக் கையால் அசைத்து முழுதாகத் திரும்புகிறதா பாருங்கள். பிஎஸ்6ல் கரும்புகை வெளியே தெரியாது, சைலன்சரில் உள்ள கரி வடிகட்டி (டிபிஎஃப்) பிடித்துக்கொள்ளும். டேஷ்போர்டு விளக்கும் இன்ஜின் பவர் குறைவதும்தான் தகவல்.

இன்னொன்று பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது. ட்ரெய்லரில் இது சகஜம். சமதளத்தில் சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்மையும் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே அட்ஜஸ்டரோ பிரேக் சேம்பரோ விடவில்லை.

அறிகுறி 5: முள் சிவப்பில், இன்ஜினில் அதிகச் சூடு இல்லை

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை அளந்து பாருங்கள். 90 டிகிரி வாக்கில் காட்டி, முள் மட்டும் சிவப்பில் இருந்தால் சென்சார் அல்லது வயரிங். ஹெட்லைட் போட்டதும் முள் குதித்தால் எர்த் வயர். இதன் மறுபக்கம் ஆபத்தானது: ஆவி பறக்கிறது, முள் நடுவில் நிற்கிறது. சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லை என்றால் அப்படித்தான் காட்டும். அப்போது கண்ணை நம்புங்கள், முள்ளை வேண்டாம்.

கூலன்ட் மாற்றிய மறுநாளே ஹீட்

ஏர் லாக், அதாவது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. மேலே இருக்கும் பிளீடு ஸ்க்ரூவைத் தளர்த்தி, மெதுவாக ஊற்றி, குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, குளிர்ந்ததும் மறுபடி அளவு பாருங்கள்.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

ஆயிலில் தண்ணீர் தெரிந்தால், கம்ப்ரசர் கட் ஆன பிறகும் குமிழி நிற்காவிட்டால், அணைத்து ஆறிய பின் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்ற முடியாமல் திணறினால் இனி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முள் ஒருமுறை கடைசி வரை போய் வண்டி தானாக நின்றிருந்தால், ஆறிய பின் நன்றாக ஓடினாலும் ஹெட் மட்டத்தை அளக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பிஎஸ்6ல் ஃபால்ட் கோட் போட்டு பவர் கட் ஆகிறதென்றால் ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டர்தான். வாரன்டி இருக்கும் வண்டியில் வெளியே எதையும் பிரிக்க வேண்டாம்.

ஹெட் இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவானால், மட்டம் அளந்த கணக்கையும் பிரஷர் டெஸ்ட்டில் வெடிப்பு உண்டா இல்லையா என்பதையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய தெர்மோஸ்டாட், மூடி, கேஸ்கெட்டைச் சாக்கில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். கேஸ்கெட் எந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் எரிந்திருக்கிறது என்பதை அதிலேயே பார்த்துவிடலாம். மேட்டிலிருந்து ரெக்கவரி வண்டி வைத்து இழுப்பதென்றால் கிளம்பும் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் மேலே ஏறாது.